வலைத்தள இணைப்பும் தேடுபொறி வரிசையும்: ஒரு வரலாற்று நோக்கு

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரை எனப்படும் நிலப்பரப்பில் உன்னிச்சைக் குளம் அமைந்துள்ளது. அப்பகுதி வயல்களுக்கு நீர் வழங்கும் பெருங்குளங்களுள் அஃது ஒன்று. அண்மைக் காலத்தில் மட்டக்களப்பு நகரத்தாரின் குடிநீருக்கும் அதுவே ஆதாரமாயிற்று. மாரிக்காலத்தில் குளம் நிறைந்து வான்கதவுகள் திறக்கப்படும்போது அதன் பெயர் செய்திகளில் அடிபடும். அக்குளத்தின் வரலாற்றை ஆராயப் புகும் மாணவன், முற்காலத்தவனாயின், வட்டை விதானையாரையோ ஊர்ப் பெரியவரையோ நாடியிருப்பான். யார் சொல் நம்பத்தக்கது என்பதை ஊரே அவனுக்குச் சொல்லியிருக்கும். இன்றைய மாணவன் 'உன்னிச்சை' என்னும் ஒரு சொல்லைத் தேடுபொறியில் இடுகின்றான். நொடிப்பொழுதில் ஒரு வரிசை தோன்றுகின்றது. முதற் சில பக்கங்களைப் பார்த்த அளவில் தேடலை அவன் நிறுத்திவிடுவதே இயல்பு. ஆகவே அவ்வரிசையில் எது முன்னிற்கின்றது என்பது வணிகர்க்கு மட்டும் உரிய செய்தியன்று. ஓர் ஊரைப் பற்றி உலகம் எதனை அறியும் என்பதும் அதனையே சார்ந்துள்ளது.

அவ்வரிசைக்கு அடிப்படையான கருத்துத் தமிழர்க்குப் புதியதன்று. ஒரு நூலைப் பிற நூலாசிரியர் எத்துணை எடுத்தாண்டனர் என்பதைக் கொண்டு அதன் பெருமையை உணர்தல் நம் உரையாசிரியர் மரபில் வேரூன்றியது. வளையாபதியும் குண்டலகேசியும் முழுநூல்களாக நமக்குக் கிடைத்தில. உரைகளும் புறத்திரட்டு முதலிய தொகைகளும் எடுத்துக்காட்டிய செய்யுட்களாலேயே அவை இன்று ஓரளவேனும் அறியப்படுகின்றன. தகடூர் யாத்திரையின் நிலையும் அதுவே. ஏடு அழிந்தபின்னும் மேற்கோள் அந்நூல்களைக் காத்தது. உ. வே. சாமிநாதையர் தம் பதிப்புகளில், உரையில் வரும் மேற்கோள் எந்நூலினது என்று தேடிக் காட்டிய உழைப்பு, ஏட்டுக்கும் ஏட்டுக்கும் இடையே வழி சமைத்த உழைப்பேயாம்.

மேலைநாட்டில் இக்கருத்தை ஒரு தொழிலாக முதலில் ஆக்கியவர்கள் சட்டத்துறையினர். ஒரு வழக்கின் தீர்ப்பைப் பின்வந்த தீர்ப்புகளுள் எவை எடுத்தாண்டன என்று காட்டும் அட்டவணையைப் பிராங்க் செப்பேட் என்பார் அமெரிக்காவில் 1873இல் வெளியிடத் தொடங்கினார். அதனை முன்மாதிரியாகக் கொண்டு, அறிவியற் கட்டுரைகளுக்கும் அத்தகைய அட்டவணை வேண்டும் என்று 1955இல் எழுதியவர் யூஜீன் கார்பீல்ட். அவரது அறிவியல் மேற்கோள் அட்டவணை 1960களின் முற்பகுதியில் வெளிவரலாயிற்று. எண்ணிக்கை மட்டும் போதுமா என்ற வினா விரைவில் எழுந்தது. பெயர்பெற்ற ஓர் இதழின் மேற்கோளும் எவரும் படியாத ஓர் இதழின் மேற்கோளும் ஒருநிகர் ஆகா எனக் கொண்டு, மேற்கோள் தருவோரின் மதிப்பையும் கணக்கிடும் முறையொன்றைப் பின்ஸ்கி, நாரின் என்னும் இருவர் 1976இல் வகுத்தனர்.

இவ்விடத்தில் தமிழர் ஒருவரையும் நினைவுகூர்தல் தகும். விபுலாநந்த அடிகள் காரைதீவிற் பிறந்த அதே 1892ஆம் ஆண்டிற் சீர்காழியில் தோன்றியவர் சீ. இரா. அரங்கநாதன். கணித ஆசிரியராக இருந்து 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான அவர், 1931இல் வெளியிட்ட நூலில் நூலகத்துறைக்கு ஐந்து விதிகளை அமைத்தார். ஒவ்வொரு வாசகனுக்கும் அவனுக்குரிய நூல், ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகன் என்பன அவற்றுள் இரண்டு. இவற்றுள் முன்னையதையே பலரும் எடுத்துப் பேசுவர். தேடுபொறியின் வரலாற்றை நோக்குவார்க்குப் பின்னையதே பெரிதாகத் தோன்றும். உரிய வாசகனை அடையாது நூல் கிடப்பதும் ஒரு குறையே என்று வற்புறுத்துவது அது.

ரிம் பேணர்ஸ்-லீ 1989இல் முன்மொழிந்த உலகளாவிய வலை, ஒரு பக்கத்திலிருந்து மற்றொன்றிற்கு நேரே செல்லும் இணைப்பை உயிர்நாடியாகக் கொண்டது. பக்கங்கள் பெருகவே, அவற்றைத் தேடித் தரும் பொறிகள் தோன்றின. 1994இல் எழுந்த யாகூ மனிதர் கையால் தொகுத்த பட்டியலாக இருந்தது. 1995இல் வந்த அல்ராவிஸ்ரா முதலியன பக்கத்திலுள்ள சொற்களையே எண்ணின. சொல்லை எண்ணும் பொறியை ஏமாற்றுதல் அரிதன்று. ஒரே சொல்லை நூறுமுறை எழுதி, வெள்ளைப் பின்புலத்தில் வெள்ளெழுத்தாக அதனை மறைத்து வைத்தோர் பலர். படிப்பவன் கண்ணுக்கு அது தெரியாது. பொறியின் கணக்கில் மட்டும் ஏறும்.

இந்நிலையை மாற்றியோர், பக்கம் தன்னைப் பற்றித் தானே சொல்வதை விட்டுப் பிறர் அதனைப் பற்றிச் சொல்வதை நோக்கினர். ஜோன் கிளைன்பேர்க், நல்ல பக்கங்களைச் சுட்டுவன என்றும் பலராற் சுட்டப்படுவன என்றும் பக்கங்களை இருவகையாக்கி ஒரு முறையை வகுத்தார். அதனை வளர்த்த ஐ.பி.எம். ஆய்வுக் குழுவில், சென்னை இந்தியத் தொழினுட்பக் கழகத்திற் பயின்று பிற்காலத்தில் கூகிளின் தேடற்பிரிவுக்குத் தலைமை தாங்கிய பிரபாகர் இராகவனும் இருந்தார். அதே காலத்தில் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்து ஆய்வு மாணவர் லாரி பேஜ், செர்ஜி பிரின் ஆகியோர் 'பேஜ்ராங்க்' என்னும் முறையை அமைத்தனர். அதனை விளக்கும் அறிக்கையில் பேராசிரியர் ராஜீவ் மோத்வானி, பேராசிரியர் வினோகிராட் ஆகியோரின் பெயர்களும் உள. அம்முறையின் மீதெழுந்த கூகிள் நிறுவனம் 1998 செப்டெம்பரிற் பிறந்தது.

முறையின் உட்கிடை எளியது. ஓர் இணைப்பு ஒரு சான்றுரை. சான்றுரைப்பவர் மதிப்புடையவராயின் சான்றும் மதிப்புப் பெறும். ஆயினும் அவர் நூறு பேருக்குச் சான்றளிப்பாராயின் அவரது மதிப்பு நூறாகப் பங்கிடப்படும். இதனை இன்னொரு வகையாலும் விளக்கினர். வலையில் இலக்கின்றி உலாவும் ஒருவன் கண்ட இணைப்பின்வழியே சென்றுகொண்டிருக்கின்றான். நூற்றுக்கு எண்பத்தைந்து முறை இணைப்பைத் தொடர்கின்றான். ஏனைய பதினைந்து முறை சலித்துப்போய் எங்கேனும் புதிதாகத் தொடங்குகின்றான். நெடுங்காலம் இவ்வாறு உலாவுங்கால் எப்பக்கத்தில் அவன் அடிக்கடி காணப்படுகின்றானோ அப்பக்கமே உயர்ந்தது. பின்ஸ்கியும் நாரினும் இதழ்களுக்குச் செய்ததன் பெருவடிவமே இது என்பதில் தவறில்லை.

சான்றுக்கு விலை உண்டு என்று அறிந்தவுடன் சான்று விற்போர் தோன்றுதல் உலக இயல்பு. கூகிள் தன் மதிப்பீட்டைச் சுழி முதற் பத்து வரையான எண்ணாக 2000ஆம் ஆண்டிற் பலரும் காணத் தந்தது. அவ்வெண்ணே இணைப்புச் சந்தையின் விலைப்பட்டியலாயிற்று. இணைப்பதற்கென்றே நூற்றுக்கணக்கான வெற்றுத் தளங்களை எழுப்பினர். 'நீ எனக்கு, நான் உனக்கு' என்று மாற்றிக்கொண்டாரும் உளர். இது நம் ஊர்களின் மொய்யைப் போன்றது. மொய் ஏட்டில் எழுதிய தொகை திரும்பச் செய்யவேண்டிய கடனேயன்றி, மணமக்களின் தகுதிக்குச் சான்றாகாது. ஒக்லகோமாவைச் சேர்ந்த, இணைப்பு விளம்பரங்களுக்குத் தரகு பார்த்த ஒரு நிறுவனம், தன் மதிப்பெண் குறைக்கப்பட்டதென 2002இல் கூகிளின்மேல் வழக்குத் தொடுத்தது. மதிப்பெண் என்பது ஒரு கருத்துரையே. கருத்துரைக்கும் உரிமை காக்கப்பட்டதே என்று கூறி 2003இல் நீதிமன்றம் வழக்கைத் தள்ளியது. உலகின் அறிவுக்கு வாயிலாக நிற்கும் ஒன்று, ஒரு தனி நிறுவனத்தின் கருத்தாகவே சட்டத்தின்முன் நிற்கின்றது என்பது சிந்திக்கத்தக்கது.

பிறர் வலைப்பதிவுகளின் கருத்துரைப் பகுதியில் இணைப்புகளைத் தூவிச் செல்லும் தொல்லை மிகவே, 'இவ்விணைப்பைச் சான்றாகக் கொள்ளற்க' என்று பொறிக்கு உணர்த்தும் குறியொன்று 2005 சனவரியில் வகுக்கப்பட்டது. 2006இல் ஜேர்மனியின் பி.எம்.டபிள்யூ. தளம், பொறிக்கு ஒரு முகமும் மனிதர்க்கு வேறு முகமும் காட்டியதற்காகக் கூகிளின் தேடற்பட்டியலினின்று சில நாள் நீக்கப்பட்டது. ஜே. சி. பென்னி என்னும் அமெரிக்க வணிக நிறுவனம் பல பொருட்பெயர்களுக்கு மாதக்கணக்கில் முதலிடத்தில் நின்றதன் பின்னணியில் ஆயிரக்கணக்கான செயற்கை இணைப்புகள் இருந்தமையை 2011 பெப்ரவரியில் நியூயோர்க் ரைம்ஸ் வெளிப்படுத்தியது. தனக்கு அதில் தொடர்பில்லை என்றது நிறுவனம். எனினும் அதன் இடம் வீழ்ந்தது. தரமற்ற உள்ளடக்கத்தைப் பின்தள்ளும் 'பாண்டா' என்னும் மாற்றம் அம்மாதமே வந்தது. செயற்கை இணைப்பைக் குறிவைத்த 'பென்குயின்' 2012 ஏப்பிரலில் வந்தது. பொதுவாகக் காட்டப்பட்ட அம்மதிப்பெண்ணும் 2016இல் நிறுத்தப்பட்டது. இன்று இணைப்பு, பல அளவைகளுள் ஒன்று, ஆயினும் சிறியதன்று.

இவ்வரலாற்றில் தமிழ்ப் பக்கங்களின் இடம் யாது? அவை இணைப்புக் குறைவால் மட்டுமன்றி எழுத்தாலும் நெடுநாள் மறைந்து கிடந்தன. 1990களில் தமிழ்த் தளங்கள் ஒவ்வொன்றும் தத்தமக்கென ஓர் எழுத்துருவைக் கொண்டிருந்தன. இலங்கையிற் பெருவழக்காயிருந்த 'பாமினி'யில் எழுதிய கட்டுரை, மனிதனுக்குத் தமிழாகவும் பொறிக்கு உரோம எழுத்துகளின் பொருளற்ற குவியலாகவும் தோன்றிற்று. அத்தகைய பக்கத்தைத் தமிழ்ச் சொல்லால் எவ்வாறு தேடுவது? சென்னையில் 1999 பெப்ரவரியிற் கூடிய தமிழ்நெற் 99 மாநாடு இக்குழப்பத்தைத் தீர்க்க முயன்றது. எனினும் நிலையான தீர்வு, 1991 முதலே தமிழுக்கு இடமளித்திருந்த யுனிகோட் முறை கணினிகளிற் பரவியபின்னரே கிட்டியது. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம், 2003இல் எழுந்த தமிழ் விக்கிப்பீடியா, 2004இல் வந்த தமிழ்மணம், 2005இல் உருவான நூலகம் என்னும் ஈழத்து மின்னூலகம் ஆகியவை அடுத்தடுத்து வந்தன. தமிழ்மணம் வலைப்பதிவுகளை ஓரிடத்திற் திரட்டி, ஒருவர் எழுதியதை மற்றவர் காணச் செய்தது. தமிழ் வலையில் ஒருவரை ஒருவர் சுட்டும் வழக்கம் தழைக்க அஃது உதவிற்று.

நூலகத் தளத்தின் பணி மட்டக்களப்பு ஆய்வாளர்க்குத் தனிச் சிறப்புடையது. ஈழத்தின் அரிய நூல்களும் சிறப்பு மலர்களும் அங்கே படமாக்கிக் காக்கப்படுகின்றன. படமாக்கிய பக்கத்தின் உட்சொற்களோ பொறிக்கு எளிதிற் புலப்படா. உன்னிச்சைக் குளத்தைப் பற்றிய ஒரு பந்தி பழைய மலரொன்றின் நடுவில் இருக்குமாயினும், மலரின் பெயரை அறிந்தவனே அதனை அடைவான். ஆங்கிலத்தில் எழுதுவோர் உன்னிச்சை என்னும் பெயரில் வரும் இரட்டைச் சகரத்தைச் சிலபோது காட்டியும் சிலபோது விட்டும் எழுதுவர். ஆதலின் ஒரே ஊர் பொறியின் கண்ணில் இரண்டாகப் பிளவுறும்.

பழைய வழியை மீட்பதே இதற்கு மருந்து என்று கூறல் மிகையாகாது. கட்டுரை எழுதுவோர் 'பழைய மலர் ஒன்றில் உள்ளது' என்று எழுதி அமையாது, அம்மலரின் பக்கத்திற்கே இணைப்புத் தருதல் வேண்டும். கல்லூரிகளும் கழகங்களும் தத்தம் மலர்களின் உள்ளடக்கத்தைத் தட்டச்சு செய்து வலையிலிட்டு, ஊர்ப்பெயரின் வேற்றெழுத்துகளையும் உடன் குறித்தல் வேண்டும். விக்கிப்பீடியாவிலிருந்து வெளிச்செல்லும் இணைப்புகள் 'சான்றாகக் கொள்ளற்க' என்னும் குறியைத் தாங்கியவை. அவற்றாற் கணக்கில் நேரான பயன் இல்லையெனச் சிலர் சோர்வர். அவ்விணைப்பின்வழி வந்து படித்த ஒருவன் பின்னர்த் தன் கட்டுரையில் அதனைச் சுட்டுவானாயின், அச்சுட்டல் குறியற்றதாய்க் கணக்கில் ஏறும். சென்னையிலுள்ள ஒரு கூலி நிறுவனம் விற்கும் ஆயிரம் இணைப்புகளைக் காட்டிலும், குளத்தின் நீரில் வயல் செய்யும் ஊரவரின் பாடசாலைத் தளம் இடும் ஓர் இணைப்பு, உன்னிச்சையை அறிய விழையும் மாணவனுக்கு வழிகாட்டும்.