வெங்காயமும் யுத்தமும்

யுத்தம் ஏன் வந்தது என்று இடதுசாரிகளிடம் கேட்டால் ஒரு பதில் கிடைப்பதில்லை. ஸ்காபரோவில் நான் வேலை செய்யும் உணவகத்தின் குசினியில் வெங்காயம் உரித்தபடி இதைத்தான் வாதிடுவோம். என்னோடு நிற்கும் அண்ணர் பழைய சண்முகதாசன் அணிக்காரர். 1966 ஒக்டோபர் 21 சுன்னாகத்திலிருந்து புறப்பட்ட தீண்டாமை எதிர்ப்பு ஊர்வலத்தை இன்றும் பெருமையோடு சொல்வார். யுத்தம் என்றால் மட்டும் "எல்லாம் ஏகாதிபத்தியம், தம்பி" என்று முடித்துவிடுவார்.

சமசமாஜிகள் முதலாளி வர்க்கத்தின் திசைதிருப்பல் என்றார்கள். 1956இல் தனிச்சிங்களச் சட்டத்தை எதிர்த்து, நாடு இரண்டாகும் என எச்சரித்த கொல்வின் ஆர். டி சில்வாதான், சிங்களத்துக்கும் பௌத்தத்துக்கும் முதலிடம் கொடுத்த 1972 அரசியலமைப்பின் சிற்பி. திசை திரும்பியது யார்? ஜே.வி.பி.யோ இந்திய விஸ்தரிப்புவாதம் என்று வகுப்பெடுத்து மலையகத் தொழிலாளியையே அதன் கருவியாகக் கண்டது. 1983 யூலைப் பழியை ஜே.ஆர். அரசு இடதுசாரிகள் மேலேயே போட்டு மூன்று கட்சிகளைத் தடை செய்ததை என்னவென்பது!

எனக்குப் பிடித்தது நியூட்டன் குணசிங்க 1984இல் எழுதியது. 1977இன் திறந்த பொருளாதாரம், அரச அனுமதிப்பத்திரங்களின் நிழலில் வளர்ந்த சிங்களச் சிறு, நடுத்தர முதலாளிகளை வீழ்த்தியது. அந்த நிழல் கிடைக்காத தமிழ் வியாபாரி அவ்வளவு அடிபடவில்லை. குரோதம் அங்கே முற்றியது என்பது அவர் வாதம். எங்கள் பக்கத்துக் கதை வேறு. இறக்குமதியை அடைத்த 1970-77 ஆட்சியில் என் அப்பப்பா வெங்காயமும் மிளகாயும் விற்றுக் கல்வீடு கட்டினார். அதே ஆட்சியின் தரப்படுத்தலில் பெரியப்பாவுக்குப் பல்கலைக்கழகம் இல்லாமல் போனது. (எனக்குக் கிடைத்தது, இரண்டாம் வருடத்தில் விட்டுவிட்டு ஓடிவந்தேன்.) 1977க்குப் பின் வெங்காயமும் விழுந்தது. ஆனால் 1958இன் கலவரத்துக்குத் திறந்த பொருளாதாரம் காரணமாக முடியாதே.

என் கணிப்பில் 1948இலிருந்து தொடங்க வேண்டும். 1947 தேர்தலில் தோட்டத் தொழிலாளரின் வாக்கு இடதுசாரிகளுக்கும் பலமாயிருந்தது. பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவராக்கியது. இடதுசாரிகள் அதை எதிர்த்தார்கள், உண்மை. ஆனால் அந்த வாக்கு போனபின் சிங்களக் கிராமத்தின் வாக்கை நம்பவேண்டி வந்தது. 1964இல் சமசமாஜக் கட்சி சிறிமாவோவின் அரசில் சேர்ந்தது தற்செயல் அல்ல.

இதைச் சொன்னபோது அண்ணர் கத்தியைக் கீழே வைத்தார்.

"சரி. 86இல டெலோப் பெடியளையும் ஈ.பி.ஆர்.எல்.எஃப். பெடியளையும் புலி சுட்டது எந்த வர்க்கத்துக்காக? அவங்களும் மார்க்ஸ் படிச்சவங்கள்தானே."

உரிக்க இன்னும் அரை மூட்டை கிடந்தது.