ஒரு கண்ணுக்கு 30: ஊனச் சதவீதத்தின் நூறு வருஷக் கதை

1/ ஒருத்தருக்கு ஒரு கண் முழுசா போயிடுச்சு. இன்னொரு கண் நல்லா இருக்கு. எத்தனை சதவீதம் ஊனம்? மத்திய அரசின் 2018 வழிகாட்டியில் 30. வெள்ளைக்காரன் ஆட்சியில் 1923-இல் வந்த தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் அட்டவணையிலும் 30 தான். ஆனா பெரும்பாலான அரசு உதவிகளுக்குக் கதவு திறப்பது 40-இல். இந்த எண்கள் எப்படி வந்துச்சு, 'உங்களுக்குக் கிடையாது'ன்னு சொல்லிட்டா என்ன செய்யலாம்? நீண்ட இழை, பொறுமையா படிங்க.

2/ மீஞ்சூர் ஒன்றியத்துல பழவேற்காடு ஏரிக்கரை ஊர்களை மனசுல வச்சுக்குங்க. கெளுத்தி முள், திருக்கை வால், போட்டு இன்ஜின், இழுக்கும்போது விரலைச் சுத்துற கயிறுன்னு கையும் கண்ணும் போக அங்க ஆயிரம் வழி. ஏரியில 'பாடு' முறை வேற உண்டு. அவங்கவங்க முறை வர்ற நாளில்தான் அந்த இடத்துல வலை போடலாம்.

3/ மருத்துவக் குழு முன்னாடி நிக்கப் போற நாளும் முறை நாளும் ஒண்ணா அமைஞ்சா அன்னைக்கு வருமானம் போச்சு. அப்படிப் போய் '38 சதவீதம்'னு வாங்கிட்டு வர்ற மீனவர் என்ன நினைப்பார்? 'டாக்டரே எழுதிட்டாரு, இனி என்ன இருக்கு'ன்னுதான். சட்டம் அப்படிச் சொல்லல. அந்த உரிமை வந்து சேர எத்தனை வருஷம் ஆச்சுன்னு பார்ப்போம்.

4/ 1923 அட்டவணை ஒவ்வொரு உறுப்புக்கும் ஒரு எண் போட்டது. முழங்கைக்கு மேல வலது கை போனா 70, இடது கை போனா 60. கட்டைவிரலுக்கு 25, ஆள்காட்டி விரலுக்கு 10. அது அளந்தது சம்பாதிக்கும் திறனில் ஏற்பட்ட இழப்பை. கொடுக்க வேண்டியவர் முதலாளி. பங்குக் கணக்கில் கடலுக்கும் ஏரிக்கும் போறவருக்கு முதலாளியே இல்லையே? அவர் அந்தச் சட்டத்துக்கு வெளியே நின்னார்.

5/ அரசே மாதாமாதம் பணம் தர்றது அப்புறம்தான் வந்துச்சு. தமிழ்நாட்டில் முதியோர் பென்ஷன் 1962-இல். மாற்றுத்திறனாளிகளுக்கு 1974-இல். அந்தத் திட்டத்தின் பேரிலேயே 'ஆதரவற்ற' என்ற சொல் இருந்தது. உடம்பு முடியலன்னு காட்டினா போதாது, யாரும் இல்லைன்னும் காட்டணும்.

6/ அடுத்த வருஷமே, 1975 டிசம்பரில், உச்ச நீதிமன்றத்தில் ஒரு முக்கியமான தீர்ப்பு. ஒடிசாவில் ஒரு தச்சர், வேலை செய்யும்போது விழுந்து, இடது கையை முழங்கைக்கு மேல எடுக்க வேண்டியதாயிடுச்சு. 'ஒரு கைதானே போச்சு, பகுதி ஊனம்தான்'னு முதலாளி வாதாடினார். ஒத்தைக் கையால தச்சு வேலை செய்ய முடியாது, ஆகவே இது முழு இழப்புன்னு கோர்ட் ஏத்துக்கிச்சு.

7/ 2010-இல் ஒரு சாலை விபத்து வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை இன்னும் தெளிவா விளக்கியது. இடது கை போன ஒரு டிரைவருக்கோ தச்சருக்கோ பிழைப்பே போகலாம். அதே கை போன ஓர் அரசு கிளார்க்குக்குச் சம்பளம் குறையாமலும் இருக்கலாம். உடம்பின் சதவீதம் வேற, பிழைப்பின் சதவீதம் வேற.

8/ இது இழப்பீட்டுச் சட்டத்தின் பாதை. உதவித்தொகை போன பாதை வேற. 1986-இல் மத்திய நலத்துறை நாடு முழுக்க ஒரே வரையறை கொண்டு வந்துச்சு: 40-க்குக் கீழ லேசானது, 40-இலிருந்து மிதமானது, 75-இலிருந்து கடுமையானது. 1995 சட்டம் அந்த 40-ஐக் கோடாகவே போட்டுடுச்சு. அதுக்குக் கீழ இருந்தா சட்டத்தின் கண்ணில் நீங்க மாற்றுத்திறனாளியே இல்லை.

9/ எப்படி அளந்தாங்க? 2001 வழிகாட்டியில் கையின் செயல்பாட்டைப் பார்க்க 10 வேலைகள் இருக்கு, ஒவ்வொண்ணுக்கும் 9 சதவீதம். தலைக்கு மேல பொருளைத் தூக்கி வைக்கிறது, கையால சாப்பிடுறது, தலை வாரிப் பின்னுறது, சட்டை போடுறது, பட்டன் மாட்டுறது, வேட்டி கட்டுறது, எழுதுறது இப்படி. எழுதுறது இருக்கு. வலை வீசுறது இல்லை.

10/ யாரையும் குத்தம் சொல்ல இதைச் சொல்லல. நாடு முழுக்க ஒரே அளவுகோல் வேணும்னா எல்லாருக்கும் பொதுவான வேலைகளைத்தான் எடுக்க முடியும். ஆனா விளைவைப் பாருங்க. சேத்துல கையால தடவி இறால் பிடிக்கிற பெண்ணுக்கு விரல் நுனி உணர்ச்சி போச்சுன்னா தொழிலே போச்சு. அவங்க சாப்பிடவும் முடியும், தலை பின்னவும் முடியும்.

11/ அதே வழிகாட்டியில் கைப்பகுதிக்கு மட்டும் மூணு அளவு தனியா இருக்கு: பிடி 30, உணர்ச்சி 30, வலு 30. அந்தப் பெண்ணுக்கு உணர்ச்சியைச் சோதிக்காம விட்டா நிஜமான எண் வராது. கூட்டமான முகாமில் ஒரு ஆளுக்குக் கிடைக்கிற சில நிமிஷத்தில் விட்டுப்போக வாய்ப்புள்ள சோதனை இது. மறுபரிசீலனை எதுக்குன்னு இப்ப புரியும்.

12/ இனி உரிமையின் கதை. 1996 விதிகளில், விண்ணப்பித்தவர் சொல்றதைக் கேட்காம சான்றிதழை மறுக்கக் கூடாதுன்னு வந்துச்சு. மறுபடி பாருங்கன்னு கேட்கவும் வழி இருந்தது. ஆனா திரும்பப் பார்ப்பது அதே மருத்துவக் குழு.

13/ 2016 சட்டம் இதை மாத்துச்சு. பிரிவு 59-இன்படி சான்றளிக்கும் அதிகாரியின் முடிவை எதிர்த்து, மாநில அரசு நியமிக்கும் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போகலாம். 2017 விதிகளின்படி, தகுதி இல்லைன்னா காரணத்தை எழுத்துல தரணும். அதுக்கு எட்டாம் படிவம்னு தனிப் படிவமே இருக்கு. வாயால 'இல்லை, போங்க'ன்னு சொன்னா அது சட்டப்படியான மறுப்பு ஆகாது.

14/ 2021 பிப்ரவரியில், எழுதும்போது கை இழுத்துக்குற ஒரு தேர்வருக்கு, 40 சதவீதம் இல்லைங்கறதைக் காட்டி எழுத்தர் உதவியை மறுக்க முடியாதுன்னு உச்ச நீதிமன்றம் சொன்னது. 2024 அக்டோபரில் நேர் எதிரான வழக்கு: பேச்சில் 44-45 சதவீதம் குறை இருக்குன்னு ஒரு மாணவருக்கு எம்.பி.பி.எஸ். மறுத்தாங்க. எண்ணை மட்டும் வச்சு தகுதியை மறுக்கக் கூடாது, குழு காரணம் எழுதணும், அதன் முடிவே இறுதி ஆகாதுன்னு கோர்ட் சொன்னது. எண் குறைஞ்சதுன்னு ஒருத்தருக்கு இல்லை, கூடுச்சுன்னு இன்னொருத்தருக்கு இல்லை. ரெண்டு பேரும் கேள்வி கேட்டாங்க.

15/ ஒரு எச்சரிக்கை. தச்சர் தீர்ப்பைக் காட்டி 'என் தொழில் போச்சு, 100 போடுங்க'ன்னு ஊனச் சான்றிதழ் கேட்க முடியாது. அது வேற சட்டம். ஒரு கண் மட்டும் போய், மற்றது முழுசா நல்லா இருந்தா மேல்முறையீட்டில் 30 என்பது 40 ஆகாது. பொய் நம்பிக்கை கொடுக்க விரும்பல.

16/ எப்ப மாற வாய்ப்பு உண்டு? (அ) உணர்ச்சி, பிடி, வலு எதையாவது அளக்காம விட்டிருந்தா. (ஆ) கையோட காதும் மந்தம், ஒண்ணை மட்டும் பார்த்திருந்தா. ரெண்டு எண்ணையும் அப்படியே கூட்ட மாட்டாங்க, சேர்க்க ஒரு சூத்திரம் இருக்கு, ஆனா மொத்தம் கண்டிப்பா கூடும். (இ) மற்ற கண்ணிலும் பார்வையோ பார்வைப் பரப்போ குறைஞ்சிருந்தா. (ஈ) பழைய சான்றிதழுக்குப் பிறகு நிலைமை மோசமாகியிருந்தா.

17/ செய்ய வேண்டியது. முதல்ல மறுப்பைக் காரணத்தோட எழுத்துல வாங்குங்க. உங்க மருத்துவப் பதிவின் நகலைக் கேளுங்க. கேட்டா 72 மணி நேரத்துக்குள்ள தரணும்னு மருத்துவர் நடத்தை விதிகள் (2002) சொல்லுது. அரசு ஆஸ்பத்திரின்னா 10 ரூபாய் தகவல் உரிமை மனுவும் போடலாம். பிறகு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் மேல்முறையீடு எங்கே, எத்தனை நாளுக்குள்ளன்னு கேட்டு உடனே கொடுங்க. நாள் கடத்தாதீங்க.

18/ சான்றிதழ் கையில இருந்தும் பென்ஷன் மட்டும் மறுக்கப்பட்டா அது வருவாய்த்துறை விஷயம். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுத்து, ரசீது வாங்குங்க. எந்தத் திட்டத்துக்கு எத்தனை சதவீதம்னும் பாருங்க. 2009-இல் வந்த மத்திய அரசின் ஊனமுற்றோர் பென்ஷன் திட்டத்துக்கு 80 வேணும். தமிழ்நாட்டின் பராமரிப்பு உதவித்தொகையில் கடும் உடல் பாதிப்புக்கு 75 வேணும்.

19/ மீனவர்களுக்கு இன்னொரு கதவும் இருக்கு. பிரதமரின் மீன்வளத் திட்டத்தின் விபத்துக் காப்பீட்டில், முழு நிரந்தர ஊனத்துக்கு 5 லட்சம், பகுதி நிரந்தர ஊனத்துக்கு 2.5 லட்சம். அதன் விதிகள் தனி. 40 வரலன்னு இதையும் விட்டுடாதீங்க. மீன்வளத்துறையில் கேளுங்க.

20/ வக்கீல் செலவுக்குப் பயப்பட வேண்டாம். 1987 சட்டப்படி மாற்றுத்திறனாளிகள், பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கு இலவசச் சட்ட உதவி உண்டு. இருளர் குடும்பங்களும் இதில் வருவாங்க. அழைக்க வேண்டிய எண் 15100.

21/ என் சக டாக்டர்களுக்கு ஒரு வேண்டுகோள். 38-ன்னு எழுதும்போது எதை அளந்தோம்னும் எழுதுவோம். அந்தத் தாள்தான் மேல்முறையீட்டில் அவங்க கையில இருக்குற ஒரே ஆதாரம். உங்க ஊர்ல மறுப்பு வாங்கி மடிச்சு வச்சிருக்கிற யாராவது இருந்தா, இந்த இழையை அவங்களுக்குப் படிச்சுக் காட்டுங்க.