சீட்டு யாருக்கு? சோழவரத்துல இருந்து நொய்டா வரைக்கும்

ஃபார்முலா ஒன் பேச்சை எடுத்தாலே நம்ம பசங்க கேக்குற முதல் கேள்வி, "ஏன் நம்மாளு ஒருத்தனும் ஜெயிக்கல?". ஜெயிக்கிறதெல்லாம் அப்புறம் சாமி. மொதல்ல கார்ல ஏறி உக்காரணும்ல? 2005-ல மொத்தமே 20 கார். 2010-லயிருந்து கொஞ்ச நாள் 24 கார். உலகம் முழுக்க இருக்குற அத்தனை டிரைவர்களுக்கும் இவ்வளவுதான் இடம். எங்க திருவண்ணாமலையில கார்த்திகை தீபத் திருவிழா ஏழாம் நாள் அஞ்சு தேரும் மாட வீதி சுத்தி வரும். வடம் பிடிக்க யார் வேணா போகலாம், எத்தனை ஆயிரம் பேர் வேணா போகலாம். ரேஸ் கார்ல ஒரே ஒரு சீட். அந்த சீட்ல யாரை உக்கார வைக்கிறது, யாரை எறக்கி விடுறதுங்கிறதுதான் இந்தக் கதை.

இதுவரைக்கும் ஃபார்முலா ஒன் ரேஸ்ல ஓடின இந்தியர்கள் ரெண்டே பேர். நரேன் கார்த்திகேயன், கோயம்புத்தூர். கருண் சந்தோக், சென்னை. ரெண்டு பேருமே தமிழ்நாடுங்கிறது தற்செயல் இல்ல. அதுக்குக் காரணம் சோழவரம்.

செங்குன்றம் தாண்டி இருக்குற சோழவரத்துல ரெண்டாம் உலகப் போர் காலத்து விமான ஓடுதளம் ஒண்ணு சும்மா கிடந்தது. 1953-ல ஆரம்பிச்ச மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அதை ரேஸ் மைதானமா மாத்திடுச்சு. ஃபியட், ஹெரால்டு, அம்பாசடர்னு ரோட்டுல ஓடுற காரையே பிரிச்சு மேய்ஞ்சு, வெயிட்டைக் குறைச்சு, எஞ்சினை முடுக்கி ஓட்டுவாங்க. அந்த கிளப்பை ஆரம்பிச்சவங்கள்ல ஒருத்தர் இந்து சந்தோக். கருணோட தாத்தா. நரேனோட அப்பா ஜி.ஆர்.கார்த்திகேயன், தென்னிந்திய ரேலியை ஏழு தடவை ஜெயிச்சவர். ஆக ரெண்டு பேருக்கும் பெட்ரோல் வாசனை பரம்பரை சொத்து.

சோழவரத்துல எழுபதுகள், எண்பதுகள்ல ஜெயிக்கணும்னா நல்ல வெளிநாட்டு கார் வேணும். கார் வாங்கக் காசு வேணும். விஜய் மல்லையா அங்க ஒரு பழைய என்சைன் ஃபார்முலா ஒன் காரையே கொண்டு வந்து ஓட்டினார்னா பாத்துக்கோங்க. (இந்தப் பேரை ஞாபகம் வச்சுக்கோங்க, மறுபடி வருவார்.) பக்கத்துல மாருதி எஞ்சினோட நிக்கிறவன் என்ன திறமைசாலியா இருந்தாலும் என்ன பண்ண முடியும்?

இதுக்கு ஒருத்தர் வழி கண்டுபிடிச்சார். கோயம்புத்தூர் எஸ்.கரிவரதன். மாருதி 800 எஞ்சினை வச்சு, ஒருத்தர் மட்டும் உக்காருற ரேஸ் காரை உள்ளூர்லயே செஞ்சார். செலவு கம்மி. அதைவிட முக்கியம், எல்லாருக்கும் ஒரே மாதிரி கார். இப்ப யார் வேகம்னு தெரிஞ்சுடும்ல? என்னைக் கேட்டா இந்திய ரேஸ் சரித்திரத்துல இதுதான் பெரிய கண்டுபிடிப்பு. எந்தக் கப்பையும் விடப் பெரிசு. 1990-ல ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில ஒழுங்கான டிராக்கும் வந்துடுச்சு. நரேன் முதல்ல ஓட்டினது இந்த ஃபார்முலா மாருதியைத்தான். கரிவரதன் 1995-ல ஒரு குட்டி விமான விபத்துல இறந்துட்டார். கோவை செட்டிபாளையத்துல இருக்குற கரி மோட்டார் ஸ்பீட்வே அவர் பேர்லதான் இருக்கு.

இந்த சமத்துவம் எல்லாம் உள்ளூர் வரைக்கும்தான். வெளிநாடு போனா கதையே வேற.

அந்தக் கதை புரியணும்னா இன்ஜினியரிங் காலேஜ் அட்மிஷனை நினைச்சுக்கோங்க. கட்-ஆஃப் வச்சு கிடைக்கிறது கவுன்சிலிங் சீட். காசு வச்சு கிடைக்கிறது மேனேஜ்மென்ட் கோட்டா. ஃபார்முலா ஒன்ல ஃபெராரி, மெக்லாரன் மாதிரி பெரிய அணிகள் டிரைவருக்குச் சம்பளம் குடுக்கும். கடைசி வரிசை அணிகள்ல பல நேரம் தலைகீழ். டிரைவர்தான் ஸ்பான்சரைக் கூட்டிட்டு வரணும். ஆனா ஒரு வித்தியாசம். மேனேஜ்மென்ட் கோட்டாவுல சேர்ந்தவனுக்கு நாலு வருஷம் பயம் கிடையாது. இங்க செமஸ்டர் நடுவுலயே இன்னொருத்தன் கூடுதல் டொனேஷனோட வந்தா எந்திரிச்சுப் போக வேண்டியதுதான். அதோட, காசு மட்டும் இருந்தாலும் வேலைக்கு ஆகாது. கீழ்மட்ட ரேஸ்கள்ல சாதிச்சு சூப்பர் லைசென்ஸ் வாங்கியிருக்கணும். அதாவது இவங்க கட்-ஆஃபும் எடுத்துட்டு டொனேஷனும் கட்டினவங்க!

நரேன் அந்த கட்-ஆஃபை எடுத்த விதத்தைப் பாருங்க. 1996-ல ஃபார்முலா ஏஷியா சாம்பியன். அப்புறம் பிரிட்டிஷ் ஃபார்முலா த்ரீ. 2001 ஜூன்ல சில்வர்ஸ்டோன்ல ஜாகுவார் ஃபார்முலா ஒன் காரை டெஸ்ட் பண்ணினார். அதுக்கப்புறமும் சீட் கிடைக்கல. 2004-க்கு மினார்டி அணியில வாய்ப்பு வந்தது. தேவையான ஸ்பான்சர் பணம் சேரல. போச்சு.

2005 பிப்ரவரி 1-ம் தேதி ஜோர்டான் அணியோட ஒப்பந்தம்னு செய்தி வந்துச்சு. டாட்டா, பாரத் பெட்ரோலியம் எல்லாம் பின்னாடி நின்னாங்க. மார்ச்ல மெல்போர்ன். முதல் ரேஸ்லயே 12-வது இடத்துல இருந்து கிளம்பி 15-வதா முடிச்சார். ஜோர்டான் மாதிரி ஓட்டை வண்டியை 12-வது இடத்துல நிறுத்துறதுன்னா சும்மா இல்ல.

அந்த வருஷம் ஜூன் 19, அமெரிக்காவுல இண்டியானாபொலிஸ் ரேஸ். மிச்செலின் டயர்கள் அந்த டிராக்கோட கடைசி வளைவைத் தாங்காதுன்னு தெரிஞ்சு, அந்த டயர் போட்ட 14 காரும் ஃபார்மேஷன் லேப் முடிஞ்சதும் உள்ள போயிடுச்சு. பிரிட்ஜ்ஸ்டோன் போட்ட ஃபெராரி, ஜோர்டான், மினார்டின்னு ஆறே கார் ரேஸ் ஓடுச்சு. ஷூமாக்கர் முதல், பாரிக்கெல்லோ ரெண்டு, ஜோர்டானோட இன்னொரு டிரைவர் டியாகோ மொன்டெய்ரோ மூணு, நரேன் நாலு. அஞ்சு பாயின்ட். ஆறு பேர்ல நாலாவதுன்னு சிரிக்கிறவங்க உண்டு. சிரிக்கட்டும். ஓடினவனுக்குத்தான் பாயின்ட். இன்னிக்கும் ஃபார்முலா ஒன்ல பாயின்ட் எடுத்த ஒரே இந்தியர் அவர்தான்.

அடுத்த வருஷம் ஜோர்டானை மிட்லாண்ட்னு பேர் மாத்தினாங்க. மொன்டெய்ரோ தொடர்ந்தார், நரேன் சீட் போச்சு. வில்லியம்ஸ்ல டெஸ்ட் டிரைவரா உக்காந்தார். எங்க ஐ.டி. பாஷையில சொன்னா, பெரிய கம்பெனியோட பெஞ்ச்.

இப்ப அந்த ஜோர்டான் அணி என்ன ஆச்சுன்னு பாருங்க. மிட்லாண்ட், ஸ்பைக்கர்னு கைமாறி, 2007 கடைசியில மல்லையா கைக்கு வந்துச்சு. ஆமா, அதே சோழவரம் மல்லையா. 2008-லயிருந்து பேர் "ஃபோர்ஸ் இந்தியா". கார்ல மூவர்ணம். டிரைவர்கள்? ஜெர்மனியோட சூட்டில், இத்தாலியோட ஃபிசிக்கெல்லா. அப்புறம் ஸ்காட்லாந்து, மெக்சிகோ, பிரான்ஸ் எல்லாம் வந்துச்சு. 2018 வரைக்கும் அந்தப் பேர்ல ஓடின அணி ஒரே ஒரு ரேஸ்ல கூட இந்தியரை உக்கார வைக்கல. இந்தியன்ங்கிற ஒரே காரணத்துக்காக சீட் குடுக்க முடியாதுங்கிறது மல்லையாவோட கட்சி. வியாபாரமாப் பாத்தா தப்புன்னு சொல்ல முடியல. அணியும் வர வர முன்னேறத்தான் செஞ்சுச்சு. ஆனா ஃபார்முலா மாருதி தலைமுறைக்கு அந்தப் பேர் எவ்வளவு குத்தியிருக்கும்? பேர்ல இந்தியா இல்லாத ஜோர்டான்ல நம்மாளு இருந்தார், பேர்ல இந்தியா வந்தப்புறம் இல்ல.

கருணுக்கு வருவோம். ஜிபி2-ல 2007-ல ஸ்பா, 2008-ல ஹாக்கன்ஹைம்னு ரெண்டு ஜெயிப்பு. 2010-ல ஹிஸ்பானியான்னு ஒரு புது ஸ்பானிஷ் அணி. மார்ச் 4-ம் தேதி கருண் பேரை அறிவிச்சாங்க. பத்தே நாள்ல பஹ்ரைன் ரேஸ். கார் இன்னும் முழுசாக் கட்டி முடியல! சனிக்கிழமை குவாலிஃபையிங்ல வெளிய போனப்பதான் கருண் அந்த காரையே முதல் தடவை ஓட்டினார். யூனிட் டெஸ்ட்கூட இல்லாம நேரா புரொடக்‌ஷன்ல ஏத்தின மாதிரி. ரேஸ் ரெண்டாவது லேப்லயே முடிஞ்சுது.

ரெண்டு வாரம் கழிச்சு மெல்போர்ன்ல 14-வது. அந்த அணி முழுசா ஓடி முடிச்ச முதல் ரேஸ் அது. மொனாக்கோவுல கடைசி நேரத்துல ட்ருல்லி கார் இவர் தலைக்கு மேலயே ஏறி எறங்குச்சு, நல்லவேளை ஒண்ணும் ஆகல. அதுலயும் 14-வதுன்னு கணக்கு வந்துச்சு. பத்து ரேஸ் முடிஞ்சுது. ஜெர்மனி ரேஸ்லயிருந்து கருண் சீட்ல ஜப்பானோட யமமோட்டோ. வேகத்துக்காகன்னு யாரும் நம்பல. அணிக்குப் பணம் தேவைப்பட்டுச்சு, அவ்வளவுதான்.

இதுல ஒரு வேடிக்கை. வருஷக் கடைசியில ஹிஸ்பானியாவும் விர்ஜினும் ஒரு பாயின்ட்கூட எடுக்கல. அப்படி இருந்தா யாரு நல்ல இடங்கள்ல முடிச்சாங்கன்னு பாத்து வரிசைப்படுத்துவாங்க. ஹிஸ்பானியா 11, விர்ஜின் 12. அந்த 11-ம் இடத்துக்கு கருணோட ரெண்டு 14-ம் இடமும் பெரிய துணை. ஆளை எறக்கி விட்டாங்க, அவர் சம்பாதிச்சது மட்டும் அணிக்கு உதவுச்சு!

2011-ல அதே ஹிஸ்பானியாவுக்கு நரேன் வந்தார். அணியை நடத்தினவர் காலின் கோல்ஸ், 2005-ல ஜோர்டான் நிர்வாகத்துல இருந்த அதே ஆள். மெல்போர்ன்ல ரெண்டு காரும் 107 சதவீத விதியில மாட்டி ரேஸுக்கே தகுதி பெறல. வேலன்சியாவுல 24 பேர் கிளம்பி 24 பேரும் முடிச்ச அபூர்வமான ரேஸ், 24-வது நம்ம நரேன். சில்வர்ஸ்டோன்லயிருந்து அவர் சீட்ல ஒரு ஆஸ்திரேலியப் பையன். ரெட் புல் தன் வளர்ப்புப் பிள்ளைக்கு அனுபவம் வேணும்னு அங்க இடம் பிடிச்சுக் குடுத்துச்சு. பேர் டேனியல் ரிக்கியார்டோ. பின்னாடி எட்டு கிராண்ட் பிரீ ஜெயிச்சார். ஆக பையன் தேர்வு சரிதான். ஆனா அந்த நாள்ல நரேனை எழுப்பினது ரெட் புல்லோட பணப்பை.

2011 அக்டோபர் 30, நொய்டா. முதல் இந்திய கிராண்ட் பிரீ. நம்ம ஊர்ல நடக்குற ரேஸ், ரெண்டு இந்தியர்கள் வெளிய நின்னா டிக்கெட் விக்குமா? ஹிஸ்பானியா அந்த வாரத்துக்கு இத்தாலியரான லியுட்சியை நிக்க வச்சுட்டு நரேனைக் கூப்பிட்டுச்சு. கருண் அந்த வருஷம் லோட்டஸ்ல ரிசர்வ் டிரைவர். ஜெர்மனியில ட்ருல்லிக்குப் பதிலா ஒரு ரேஸ் ஓட்டி 20-வதா முடிச்சிருந்தார். சொந்த நாட்டு ரேஸ்ல சீட் வரும்னு எல்லாரும் எதிர்பார்த்தோம். லோட்டஸ் ட்ருல்லியையே வச்சுக்கிச்சு. கருணுக்கு வெள்ளிக்கிழமை முதல் பிராக்டிஸ் மட்டும். அந்த டிராக் வேணும்னு வருஷக்கணக்கா ஓடியாடினவங்கள்ல அவரோட அப்பா விக்கி சந்தோக்கும் ஒருத்தர். மகன் ஞாயித்துக்கிழமை ஓரமா நின்னு பாத்தார்.

நான் அப்ப ஸ்கூல் பையன். கரண்ட் எப்ப போகும்னு பயந்துக்கிட்டே டிவி முன்னாடி உக்காந்திருந்தேன். வெட்டல் முதல்ல போயிட்டே இருந்தார், கேமரா அந்தப் பக்கமே இருந்துச்சு. நான் பாத்துட்டு இருந்தது கடைசி வரிசையை. நரேன் 17, ரிக்கியார்டோ 18. எந்தப் பையனுக்காக எறக்கி விட்டாங்களோ அவனை, அதே மாதிரி கார்ல, நம்ம ஊர்லயே பின்னால விட்டுட்டு முடிச்சார். ஹெட்லைன்ல எல்லாம் வெட்டல்தான். எனக்கு அந்த 17-தான் ரிசல்ட்.

2012-ல நரேன் முழு வருஷம் ஓட்டினார். வருஷக் கடைசியில அணியையே இழுத்து மூடிட்டாங்க. அதுக்கப்புறம் எந்த இந்தியரும் ஃபார்முலா ஒன் ரேஸ் ஓட்டல. கருண் அதே 2012-ல லே மான்ஸ் 24 மணி நேர ரேஸ்ல டேவிட் பிராபம், பீட்டர் டம்ப்ரெக்கோட சேர்ந்து ஓட்டி ஆறாவதா முடிச்சார். அங்க ஓடின முதல் இந்தியர். நரேன் ஜப்பான் போய் 2019-ல ஃபியூஜியில சூப்பர் ஜிடி, டிடிஎம் ரெண்டும் கலந்து நடத்தின ரேஸ் ஒண்ணை ஜெயிச்சார், 42 வயசுல.

சீட்டை விட்டு எறங்குறதுல இன்னொரு வகையும் உண்டு. 2025 ஜனவரி, துபாய் 24 மணி நேர ரேஸ். அஜித் குமார் தன் பேர்லயே அணி ஆரம்பிச்சு போர்ஷே கார்ல வந்தார். பிராக்டிஸ்ல பெரிய விபத்து. கார் அவருது, அணி அவருது, பேர் அவருது. எவனும் எந்திரின்னு சொல்ல முடியாது. அவரே எந்திரிச்சார். மெயின் காரை மத்த மூணு டிரைவர்கள்கிட்ட விட்டுட்டு, இன்னொரு அணியோட சின்ன கார்ல போய் ஓட்டினார். மூணு பேர்ல ஒருத்தர் கேமரான் மெக்லியாட்னு ஆஸ்திரேலியப் பையன். கார் தன் பிரிவுல மூணாவது வந்துச்சு. மார்ச்ல முகெல்லோ 12 மணி நேர ரேஸ்ல அஜித் திரும்பத் தன் கார்லயே உக்காந்தார். அங்கயும் மூணாவது.