படைத்தவன் இல்லாத தம்மம்

தங்கவயல் தடங்கள் – 17

கோலார் தங்கவயலை அடுத்த பெத்தபள்ளியில் வெயிலில் கிடக்கும் பாறைகளை இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை தேசியப் புவியியல் நினைவுச்சின்னமாக அறிவித்திருக்கிறது. எரிமலை கக்கிய துணுக்குகள் இறுகி உருவானவை சில. தலையணை லாவா என்று புவியியலார் சொல்பவை சில. கொதிக்கும் குழம்பு தண்ணீருக்கடியில் குளிர்ந்தால்தான் பாறை அப்படி உருண்டு திரளும். அப்படியென்றால், இந்த வறண்ட மேட்டு நிலம் ஒரு காலத்தில் நீருக்கடியில் இருந்திருக்கிறது. ஏறத்தாழ 270 கோடி ஆண்டுகளுக்கு முன்பு! அன்று உலகில் மரம் இல்லை, மீன் இல்லை, மனிதன் இல்லை. கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் மட்டுமே இருந்தன.

அந்தப் பாறையைக் குடைந்துதான் நம் பாட்டன்மார் தங்கம் எடுத்தார்கள். 1880இல் ஜான் டெய்லர் கம்பெனி இங்கே வந்தது. இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியிலிருந்து சுரங்க மேஸ்திரிகள் வந்தார்கள். அவர்கள் காலத்து ஆங்கில பைபிள்கள் பலவற்றின் ஓரத்தில் உலகம் படைக்கப்பட்ட ஆண்டாகக் கி.மு. 4004 என்று அச்சிட்டிருக்கும். 17ஆம் நூற்றாண்டுப் பேராயர் ஜேம்ஸ் அஷர் போட்ட கணக்கு அது. வடஆற்காட்டிலிருந்தும் சேலம் பக்கமிருந்தும் கூலிக்கு வந்த தமிழர்களுக்கோ வேறொரு படைப்புக் கதை விதிக்கப்பட்டிருந்தது. ஆதிபுருஷனின் முகத்திலிருந்து ஒரு வருணம், தோளிலிருந்து ஒன்று, தொடையிலிருந்து ஒன்று, பாதத்திலிருந்து ஒன்று. சுரங்கத்தில் இறங்கியவர்களில் பெரும்பாலோர் அந்தப் பாதத்துக்கும் வெளியே நிறுத்தப்பட்டவர்கள்.

உயிர்களின் தோற்றம் பற்றி அறிவியலும் மதமும் ஒத்துப்போக முடியுமா என்ற கேள்வியை இந்த இடத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன். டார்வின் 1859இல் தம் நூலை வெளியிட்டபோது இங்கிலாந்தில் எழுந்தது பெரும்பாலும் வேத நூலின் அதிகாரம் பற்றிய சண்டை. இங்கே சங்கதி வேறு. உலகத்தைப் படைத்தவன் ஒருவன் உண்டு, அவனே சாதியையும் படைத்தான் என்று சொல்லப்பட்ட மண்ணில், அந்தக் கதையை ஏற்பதா மறுப்பதா என்பது ஒரு கூலித் தொழிலாளி தெருவில் நிமிர்ந்து நடப்பதா கூடாதா என்பதோடு கட்டுண்டு கிடந்தது.

சென்னையில் சித்த வைத்தியம் பார்த்துவந்த பண்டிதர் அயோத்திதாசர் 1898இல் பிரம்மஞான சபையின் கர்னல் ஆல்காட்டுடன் இலங்கைக்குப் போய், சுமங்கல நாயக்கத் தேரரிடம் பஞ்சசீலம் பெற்றுத் திரும்பினார். அதே ஆண்டு இராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கம் பிறந்தது. உ.வே.சாமிநாதையர் பௌத்தக் காப்பியமான மணிமேகலையை அச்சில் கொண்டுவந்ததும் அதே 1898தான். தற்செயல்தான். ஆனாலும் அந்த ஆண்டைக் கடக்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கிறது. 1907 ஜூன் 19இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழ் தொடங்கியது. மறு ஆண்டு ‘தமிழன்’ ஆயிற்று. சங்கம் தங்கவயலுக்கும் வந்து மாரிக்குப்பத்தில் வேரூன்றியது. எம்.ஒய்.முருகேசர், ஏ.பி.பெரியசாமிப் புலவர் போன்றோர் அதைத் தோளில் சுமந்தார்கள். புரோகிதர் இல்லாமல் கல்யாணமும் சாவுச் சடங்கும் நடந்தன.

இந்தத் தம்மத்தில் படைத்தவன் கிடையாது. உலகம் நிலையானதா, அழிவதா, எல்லையுள்ளதா என்று மாலுங்கியபுத்தன் கேட்டபோது புத்தர் பதில் சொல்ல மறுத்தார் என்பது பாலி நூல்களில் உள்ள பழைய செய்தி. நஞ்சு தோய்ந்த அம்பு தைத்துக் கிடப்பவன், எய்தவனின் குலமும் ஊரும் தெரிந்த பிறகே அம்பைப் பிடுங்க விடுவேன் என்று சொன்னால், தெரிவதற்குள் செத்துப்போவான் என்றார். அம்பு யாருடையது என்ற ஆராய்ச்சியை அவர் தடுக்கவில்லை. அதை விடுதலைக்கு நிபந்தனையாக்கவில்லை, அவ்வளவுதான். எனவே பூமியின் வயது ஆறாயிரம் ஆண்டா, நானூறு கோடி ஆண்டுக்கும் மேலா என்று நாளைக்கு ஒருவர் நிரூபித்தாலும் ஒரு பௌத்தனின் பஞ்சசீலத்தில் ஒரு வரிகூட மாறாது. படைப்பு நாளைத் தன் அஸ்திவாரத்தில் வைத்துக் கட்டிய மதங்களுக்கு இந்தச் சுதந்திரம் எளிதில் கிடைப்பதில்லை.

தமிழுக்கு இந்த விவாதம் புதிதும் அல்ல. மணிமேகலை வஞ்சி நகரில் ஒவ்வொரு சமயவாதியையும் தேடிப்போய்க் கேட்கிறாள். உலகம் தேவன் இட்ட முட்டை என்கிறார் ஒருவர். அணுக்கள் கூடியும் பிரிந்தும் எல்லாம் நடக்கின்றன என்கிறார் ஆசீவகர். ஆத்திப்பூவும் கருப்புக்கட்டியும் மற்றவையும் சேர்த்தால் கள்ளில் வெறி பிறப்பது போல, பூதங்கள் கூடும்போது உணர்வு பிறக்கிறது என்கிறார் பூதவாதி. வேதிப்பொருள்களின் சேர்க்கையிலிருந்து உயிர் எழுந்தது என்று இன்றைய அறிவியல் ஆய்வுகூடங்களில் தேடுவதற்குப் பக்கத்தில் வைக்கத்தக்க எண்ணம் இது! மணிமேகலை எல்லாவற்றையும் கேட்டுக்கொள்கிறாள். கடைசியில் அறவண அடிகளிடம் பேதைமை முதல் வினைப்பயன் வரையிலான பன்னிரண்டு சார்புகளைக் கற்கிறாள். ஒன்று இருப்பதால் இன்னொன்று தோன்றுகிறது. முதற்காரணம் என்று ஒருவரை நிறுத்தும் தேவை அங்கே எழவே இல்லை.

இதை இருபதாம் நூற்றாண்டு மொழியில் எழுதியவர் பேராசிரியர் பி.லட்சுமி நரசு. சென்னைக் கல்லூரிகளில் இயற்பியல், வேதியியல் கற்பித்தவர். அவருடைய ‘பௌத்தத்தின் சாரம்’ என்ற ஆங்கில நூல் 1907இல் வெளிவந்தது. பௌத்தத்தின் பகுத்தறிவு பற்றி ஓர் அத்தியாயம், உலகின் புதிர் பற்றி ஓர் அத்தியாயம். ஈஸ்வரன் என்ற முதற்காரணத்தை அவர் நியாய வாதத்தால் மறுக்கிறார். பரிணாமக் கொள்கை அவருக்குப் பகையாகத் தெரியவில்லை. அவரோடு சென்னை மகாபோதி சங்கத்தில் பணியாற்றியவர் ம.சிங்காரவேலர்.

இதுவரை எல்லாம் சுமுகம். சிக்கல் மறுபிறப்பில் வந்தது. ஆன்மா என்று ஒன்று உடல்விட்டு உடல் தாவுவதை நரசு ஏற்கவில்லை. ஒரு மனிதன் செய்ததன் விளைவு பின்வரும் மனிதரிடம் தொடர்கிறது, வினை என்பது அதுவே என்று விளக்கினார். அயோத்திதாசரால் இதற்கு இணங்க முடியவில்லை. கன்மமும் மறுபிறப்பும் போனால் புத்தர் போதித்த அறமே ஆட்டம் கண்டுவிடும் என்பது அவர் கவலை. இருவருமே படைப்புக் கடவுளை மறுத்தவர்கள், இருவருமே சாதியை வெறுத்தவர்கள். ஆனாலும் மனிதன் இறந்தபின் என்ன என்ற இடத்தில் அறிவியல் ஆசிரியரும் வைத்தியப் பண்டிதரும் பிரிந்தார்கள். படைத்தவனைக் கைவிட்ட மதத்துக்குக்கூட அறிவியலோடு ஒத்துப்போவது வலியில்லாத காரியம் அல்ல என்பதை இந்தப் பிணக்கு காட்டுகிறது. அதை மறைத்து, பௌத்தம் என்றாலே அறிவியல் என்று பேசும் இன்றைய மேடைப் பேச்சை என்னால் ஏற்க முடியாது.

பிணக்கு பிளவாகவில்லை என்பதே தங்கவயலின் பெருமை. 1914இல் அயோத்திதாசர் மறைந்த பிறகு பௌத்த சங்கத்தின் தலைமை நரசுவிடம் வந்தது. மாரிக்குப்பத்துக்காரர்கள் பண்டிதரையும் விடவில்லை, பேராசிரியரையும் விடவில்லை. சாம்பியன் ரீப்பில் சித்தார்த்தா புத்தகசாலை சிறு நூல்களை அச்சிட்டுத் தள்ளியது. 1926இல் ஜி.அப்பாத்துரையாரை ஆசிரியராகக் கொண்டு ‘தமிழன்’ இங்கிருந்தே மீண்டும் வெளிவந்தது. அதன் பக்கங்களில் பௌத்தமும் சுயமரியாதையும் அருகருகே நின்றன. சிங்காரவேலர் அதற்குள் பொதுவுடைமைக்கு நகர்ந்திருந்தார்; பின்னர் ‘குடிஅரசு’ இதழில் அறிவியல் கட்டுரைகளை எளிய தமிழில் எழுதினார்.

பிற்பாடு அறிவியலே நேரில் இங்கே இறங்கியது. 1965இல் சாம்பியன் ரீப் சுரங்கத்தில் சுமார் 2.3 கிலோமீட்டர் ஆழத்தில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனமும், ஜப்பானின் ஒசாகா நகரப் பல்கலைக்கழகமும், இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகமும் சேர்ந்து வளிமண்டல நியூட்ரினோ என்ற நுண்துகளைப் பதிவு செய்தன. 1980களில் 140 டன் எடையுள்ள கருவியை அதே ஆழத்தில் வைத்து, புரோட்டான் சிதைகிறதா என்று காத்திருந்தார்கள். பிரபஞ்சத்தில் பருப்பொருள் ஏன் இருக்கிறது என்ற கேள்வியோடு தொடர்புள்ள சோதனை அது. உறுதியான விடை கிடைக்கவில்லை. அந்தச் சோதனைக் கூடத்தை வெட்டித் தந்தவர்களும் காற்றுக்கும் வெளிச்சத்துக்கும் வழி செய்தவர்களும் நம் தொழிலாளிகள். அவர்களில் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போனவர் உண்டு, மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றியவர் உண்டு, புத்த விகாரத்தில் பஞ்சசீலம் சொன்னவர் உண்டு.

அறிவியலும் நம்பிக்கையும் ஒன்றாய் இருக்க முடியுமா என்றால், தங்கவயலைப் பார்த்தபின் என் தீர்ப்பு இது: உலகம் எப்படி வந்தது என்ற விடையை ஆராய்ச்சிக்கு விட்டுக்கொடுக்கும் நம்பிக்கைக்கு முடியும். தன் படைப்புக் கதையைக் காட்டி ஒரு மனிதனைக் கீழே நிறுத்தும் நம்பிக்கைக்கு முடியாது, முடியவும் கூடாது.

ஒரு வேண்டுகோள். அயோத்திதாசரின் எழுத்துகளை ஞான.அலாய்சியஸ் 1999இல் தொகுத்து வெளியிட்டார். அப்பாத்துரையார் காலத்துத் ‘தமிழன்’ இதழ்களோ சித்தார்த்தா புத்தகசாலையின் சிறு நூல்களோ மாரிக்குப்பத்திலும் ஆண்டர்சன்பேட்டையிலும் உங்கள் வீட்டுப் பரணில் கிடக்கலாம். தாத்தாவின் டிரங்குப் பெட்டியைத் திறந்து பாருங்கள். கிடைத்தால் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற ஓரிடத்துக்கு எடுத்துப்போய்ப் படியெடுக்கக் கொடுங்கள்.

(தொடரும்)