பதிவு செய்யாத டேப் ரெக்கார்டர்

புது கேட்ஜெட் வந்தாலே, "பழைய மாடலில் இருந்த அது இதில் இல்லையே" என்று ஆரம்பித்துவிடுகிறோம். 1979-இல் சோனிக்குள்ளேயே இந்தப் பேச்சு எழுந்தது.

பத்திரிகையாளர்களுக்கான பிரஸ்மேன் ரெக்கார்டரிலிருந்து பதிவு வசதியையும் ஸ்பீக்கரையும் எடுத்துவிட்டு, ஹெட்போனில் ஸ்டீரியோ கேட்கும்படி மாற்றினார்கள். அதுதான் வாக்மேன். பதிவு செய்யாத கருவியை யார் வாங்குவார்கள் என்று பலர் தயங்கினார்கள். சேர்மன் அகியோ மொரிட்டா விடவில்லை. ஜூலை 1 அன்று ஜப்பானில் 33,000 யென்னுக்கு விற்பனைக்கு வந்தது.

முதல் மாதம் மந்தம்தான். சோனி ஊழியர்கள் டோக்கியோ தெருக்களில் இளைஞர்களைக் கேட்டுப் பார்க்கச் சொன்னார்கள். ஆகஸ்ட் முடிவதற்குள் 30,000 கருவிகளும் காலி!

காதில் மாட்டியவர்கள் இல்லாததைத் தேடவில்லை. நடந்துகொண்டே பாட்டுக் கேட்கலாம், அது போதும் என்றார்கள். பர்ஸைத் திறக்குமுன் நாமும் கேட்க வேண்டியது ஒன்றுதான்: இன்று எனக்கு இது எதற்கு உதவும்?