தம்புள்ளைச் சந்தியில் பசியாறியவர்கள்

கொழும்பிலிருந்து திருகோணமலைக்கோ மட்டக்களப்புக்கோ பஸ் ஏறுகிறவர்களுக்குத் தம்புள்ளை ஓர் ஊரல்ல, தேத்தண்ணி குடிக்கும் இடம். குருநாகலைத் தாண்டி வரும் ஏ-6 வீதியும், கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் போகும் ஏ-9 வீதியும் இங்கேதான் சந்திக்கின்றன. சாரதி பஸ்ஸை ஓரங்கட்டியதும் பாதித் தூக்கத்தில் இறங்குகிறவர்கள் ஒரு பிளேன்டீயும் இரண்டு வடையும் வாங்கிக்கொண்டு, பஸ்ஸின் ஹோர்ன் சத்தத்துக்குக் காது கொடுத்தபடியே சாப்பிட்டு முடிக்கிறார்கள்.

சுற்றுலாப் பயணிகளும் அப்படித்தான். காலையில் குகைக் கோயில், மத்தியானம் சோறும் கறியும், பின்னேரம் சிகிரியா. அரை நாளில் ஊரை முடித்துவிடுகிறார்கள். அந்த அரை நாளில் தட்டில் என்ன வந்தது, அது எப்படி இங்கே வந்து சேர்ந்தது என்று யாராவது கேட்டிருந்தால், குகைச் சுவர்களில் எழுதப்படாத ஒரு வரலாறு அவர்களுக்குக் கிடைத்திருக்கும்.

ஊருக்குச் சற்றுத் தள்ளி இப்பன்கட்டுவவில் பெருங்கற்கால ஈமக்காடு ஒன்று இருக்கிறது. கி.மு. 700க்கும் 400க்கும் இடைப்பட்டதாகக் கணிக்கப்படும் அந்தக் கல்லறைகளில் சாம்பலோடு சட்டிகளும் பானைகளும் வைக்கப்பட்டிருந்தன. கிடைத்த மணிகளில் இந்தத் தீவில் கிடைக்காத கல்லால் ஆனவையும் உண்டு. குகைகளுக்குப் பிக்குகள் வருவதற்கு முன்பே இங்கே அடுப்பெரிந்திருக்கிறது, வெளியூர்ச் சரக்கும் வந்து போயிருக்கிறது. பிறகு கி.மு. முதலாம் நூற்றாண்டில், தென்னிந்தியப் படையெடுப்பால் அரியணையை இழந்த வலகம்பா மன்னன் இந்தக் குகைகளில் மறைந்திருந்ததாகவும், ஆட்சி திரும்பக் கிடைத்ததும் அவற்றைக் கோயிலாக்கியதாகவும் மரபு சொல்கிறது. 1991இல் யுனெஸ்கோ அதை உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது.

மலைக்கு மேலே இருந்த வரலாறு இது. கீழே வீதியில் நடந்ததைத் தமிழர்கள் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும்.

1820களில் தொடங்கிய கோப்பித் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டது. இராமநாதபுரத்துக் கரைகளிலிருந்து தோணியில் தலைமன்னாரிலும் அரிப்பிலும் வந்திறங்கியவர்கள் அங்கிருந்து மலைநாட்டுக்கு நடந்தே போனார்கள். மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை, நாலந்தை, கடைசியில் மாத்தளை. வெள்ளையர் அதை வடக்கு வீதி என்றார்கள். பெரும்பகுதி காடு. குளங்கள் தூர்ந்து, கிராமங்கள் அருகிப்போயிருந்த வறண்ட நாடு. வழியில் விலைக்குச் சோறு கிடைக்கும் கடைகள் அரிது. கங்காணியின் பின்னால் அரிசி முடிச்சையும் சட்டியையும் சுமந்து நடந்தவர்கள், தண்ணீர் கண்ட இடத்தில் மூன்று கல் கூட்டி உலை வைத்தார்கள். அந்தத் தண்ணீரே பலருக்கு எமனாயிற்று. வாந்திபேதியும் மலேரியாக் காய்ச்சலும் பசியும் சேர்ந்து ஆயிரக்கணக்கானோரை வழியிலேயே முடித்தன. நடக்க முடியாமல் போனவர்களைக் கூட்டம் விட்டுவிட்டு நடந்ததும் உண்டு.

அவர்கள் வழியில் தின்ற சோறும் இலவசமல்ல. தோணிக் கூலியும் வழிச் செலவும் கங்காணி கொடுத்த முன்பணமாகக் கணக்கில் ஏறின. தோட்டத்தில் முதல் பழத்தைப் பறிக்கும் முன்னே ஆள் கடனாளி. பிற்காலத்தில் 'துண்டு' என்று பேர்பெற்ற சீட்டில் அந்தக் கடன் எழுதப்பட்டு, ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்கு ஆளோடு கூடவே போனது. தம்புள்ளைப் பாறையின் நிழலில் ஒருவர் அள்ளித் தின்ற ஒரு கவளத்தின் விலையை அவர் கோப்பிப் பழம் பறித்துத் தீர்த்திருக்கிறார் என்றால், இந்த ஊரின் சாப்பாட்டு வரலாற்றை இங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

அதே வீதியில் குதிரையில் வந்த வெள்ளை அதிகாரிகளுக்கு வேறு ஏற்பாடு இருந்தது. குறிப்பிட்ட தூரத்துக்கு ஒன்றாக அரசாங்கம் வாடிவீடுகளைக் கட்டியது. அங்கே மேசையும் கட்டிலும் சமையற்காரரும் காத்திருந்தார்கள். தம்புள்ளையிலும் அப்படி ஒரு வாடிவீடு இருந்தது. இன்று நட்சத்திர விடுதிகளில் பரிமாறப்படும் 'சோறும் கறியும்' விருந்துக்கு மூதாதை அந்த வாடிவீட்டு மேசைதான். 1994இல் கண்டலமைக் குளக்கரையில் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா வடிவமைத்த விடுதியும் திறக்கப்பட்டது.

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குக் கப்பலில் வருவது பெருகியது. 1914இல் தலைமன்னாருக்கு ரயிலும் வந்தது. காட்டு வழியில் நடக்க வேண்டிய தேவை அற்றுப்போயிற்று. ரயில் பாதை தம்புள்ளையைத் தொடவில்லை. ஊர் நெடுங்காலம் கோயிலும் நாலு கடைகளும் சேனைப் பயிருமாகவே கிடந்தது. குரக்கன், எள்ளு, பயறு, குளத்து மீன், தாமரைக் கிழங்கு: இவைதான் இந்த நிலத்தின் சொந்தச் சாப்பாடு. 1952இல் தீவுக்குக் கொண்டுவரப்பட்ட திலாப்பியாவும், தமிழர்கள் ஜப்பான் மீன் என்பார்களே அதுதான், பிறகு இந்தக் குளங்களில் பெருகிக் குடியானவர் சட்டிக்குள் வந்து சேர்ந்தது.

ஊரைப் புரட்டிப் போட்டது தண்ணீர். 1976இல் பொல்கொல்லையில் மகாவலி திருப்பப்பட்டு வடக்கே வறண்ட நாட்டுக்குப் பாய்ந்தது. அடுத்த பத்தாண்டுகளில் தம்புள்ளை, கலேவெல வயல்களில் சிறுபோகத்துக்குப் பெரிய வெங்காயம் நட்டார்கள். விளைந்ததை விற்க வீதியோரத்தில் கூடிய சந்தை வளர்ந்து வளர்ந்து, 1999இல் விசேட பொருளாதார மத்திய நிலையமாயிற்று. இன்று மத்திய வங்கியின் நாளாந்த விலைப் பட்டியலில் புறக்கோட்டைக்குப் பக்கத்தில் தம்புள்ளைக்கும் ஒரு நிரல் இருக்கிறது. கொழும்பில் ஒரு வீட்டில் போஞ்சிக் கறி வைப்பதா வேண்டாமா என்பதை இந்தச் சந்தை தீர்மானிக்கிறது.

அதைப் பார்க்க இரவில் போக வேண்டும். நுவரெலியாவிலிருந்து கரட், லீக்ஸ், கோவா ஏற்றிய லொறிகள் பின்பக்கமாகக் கடை வாசலில் ஒட்டி நிற்கும். நாட்டாமைகள் தலையில் சாக்கை மடித்துப் போட்டு, அதன் மேல் மூடையை வாங்கி, 'வழி, வழி' என்று கத்தியபடி ஓட்டமும் நடையுமாகப் போவார்கள். காலுக்கடியில் கோவா இலை நசுங்கி வழுக்கும். ஒரே கூரையின் கீழ் மலைநாட்டுக் குளிரில் விளைந்த கரட்டும், வறண்ட நாட்டு வட்டக்காயும், யாழ்ப்பாணத்துச் சின்ன வெங்காயமும் கிடக்கும். யாழ்ப்பாணச் சரக்கு எல்லாக் காலத்திலும் இங்கே வந்துவிடவில்லை. போர்க்காலத்தில் மூடிக்கிடந்த ஏ-9 பாதை 2002 ஏப்ரல் 8இல் திறந்தது; 2006 ஆகஸ்டில் மறுபடி மூடியது; போர் முடிந்த பிறகுதான் லொறிகள் தடையில்லாமல் ஓடின. வீதி மூடிய நாட்களில் வடக்கில் ஒரு கிலோ உருளைக்கிழங்குக்குத் தவித்தவர்களுக்குத் தம்புள்ளை லொறி என்பதன் பொருள் நன்றாகத் தெரியும்.

மூடை இறக்கிய கையோடு சாரதிகள் கொத்துக்கடைக்கு வருவார்கள். கிழக்கு மாகாணத்தில் பிறந்ததாகப் பலரும் சொல்லும் கொத்து ரொட்டிக்கு இதைவிடப் பொருத்தமான ஊர் கிடையாது. சூடேறிய இரும்புத் தகட்டில் வெங்காயமும் லீக்ஸும் கரட்டும் விழும், முட்டை உடையும், பிய்த்த ரொட்டி மேலே குவியும். இரண்டு கொத்துத் தகடுகளை இரு கையிலும் பிடித்துக் கொத்துகிற தாளம் சந்தி முழுவதும் கேட்கும். அந்த லீக்ஸ் சற்று முன்பு அதே சாரதியின் லொறியில் வந்ததாகக்கூட இருக்கலாம்.

இந்தச் சந்தி எல்லோரையும் எப்போதும் ஒரே மாதிரி ஏற்றுக்கொண்டது என்று எழுதினால் அது பொய். 2012 ஏப்ரல் 20, வெள்ளிக்கிழமை, இங்குள்ள பள்ளிவாசலைக் கும்பல் ஒன்று தாக்கியது. அடுத்த ஆண்டு பத்திரகாளியம்மன் கோயிலும் இடிக்கப்பட்டது. புனித பூமி என்ற பேரால் அது நடந்தது. ஆனால் முஸ்லிம்கள் பெருமளவில் வாழும் காத்தான்குடியிலிருந்தும் மூதூரிலிருந்தும் வரும் பஸ்கள் அன்றும் இந்தச் சந்தி வழியேதான் வந்தன, இன்றும் வருகின்றன.

ஒரு நாள் மட்டுமே கையில் இருப்பவர்கள் விடுதிக்குள்ளேயே சாப்பிட்டுவிட்டுப் போகாதீர்கள். காலையில் குரக்கன் ரொட்டியும் கட்டைச் சம்பலும் தேடிப் பிடியுங்கள். மத்தியானம் குளத்து மீனும் தாமரைக் கிழங்குக் கறியும் கிடைக்கும் கடையில் உட்காருங்கள். ஹபரணை வீதியில் அவித்த சோளம் வாங்குங்கள். உப்புத் தண்ணியில் வெந்த அதன் சூடு கையைச் சுடும். இரவில் சந்தையைச் சுற்றிவிட்டுக் கொத்து. மறுநாள் மாத்தளைக்குப் போகிற வழியில் பலாப்பத்வெலயில் இறங்கி எள்ளுருண்டை வாங்க மறக்க வேண்டாம்.

அந்த வழி சுமார் 45 கிலோமீட்டர். பஸ்ஸில் உட்கார்ந்து போய்விடலாம். மலையகத் தமிழர் வந்து 200 ஆண்டு நிறைந்ததை நினைவுகூர்ந்து, 2023 ஜூலை 28இல் தலைமன்னாரில் புறப்பட்டவர்கள் அதே பழைய பாதையில் தம்புள்ளை வழியாக நடந்து, ஆகஸ்ட் 12இல் மாத்தளையை அடைந்தார்கள். 252 கிலோமீட்டர். பஸ்கள் நிற்கும் இந்தச் சந்தியில், தேத்தண்ணிக் கோப்பையோடு நிற்பவரின் கண்ணில் படும்படி, கோப்பிக் காலத்தில் இந்த வழியே நடந்து போனவர்களுக்கு ஒரு கல் நாட்ட வேண்டும். மூன்று மொழியிலும் எழுத வேண்டும்.