வாழைமரத் தாள்கள் உணர்த்தும் வரலாறு

பழைய நாணயங்களையும் நாணயத்தாள்களையும் சேகரிப்பது ஓய்வும் வசதியும் உடையோரின் பொழுதுபோக்கு என்றே நம்மிற் பலர் கருதிவந்துள்ளோம். அக்கருத்தில் ஓரளவு உண்மை உண்டு. ஆயினும், இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் யப்பானிய இராணுவம் மலாயாவிற் புழங்கவிட்ட தாள்களைப் பொறுத்தவரை அவ்வாறு கூறி ஒதுங்கிவிட நம்மால் இயலாது. இன்று சேகரிப்போரின் தொகுப்பேடுகளில் அடங்கிக் கிடக்கும் அத்தாள்கள், ஒரு காலத்தில் தோட்டத் தொழிலாளியின் கூலியாகவும் சிறுவணிகனின் முதலாகவும் விளங்கியவை என்பதை நாம் மறத்தலாகாது.

1941 டிசெம்பர் 8ஆம் நாள் கோத்தா பாருவிற் கரையிறங்கிய யப்பானியப் படை, 1942 பெப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூரைக் கைப்பற்றியது. துப்பாக்கியோடு பணத்தையும் அப்படை உடன்கொண்டு வந்தது. கைப்பற்றக் கருதிய நாடுகளுக்கான தாள்கள் முன்கூட்டியே அச்சிடப்பட்டிருந்தன. மலாயாவுக்கு டொலர், பர்மாவுக்கு ரூபாய், பிலிப்பைன்சுக்குப் பேசோ, டச்சுக் கிழக்கிந்தியாவுக்குக் கில்டர் என அந்தந்த நாட்டின் பழகிய பெயரையே அவை தாங்கின. எந்நாட்டுக்குரியது என்பதை 'எம்', 'பி' போன்ற ஆங்கில எழுத்துகள் காட்டின. பெயரையும் மதிப்பையும் பழையவாறே வைத்துக்கொண்டு உள்ளடக்கத்தை மட்டும் மாற்றிவிடும் இத்தந்திரம் ஆழ்ந்து நோக்கற்பாலது.

மலாயாவின் பத்து டொலர்த் தாளிற் குலை தள்ளிய வாழைமரம் பொறிக்கப்பட்டிருந்தது. ஆதலால் மக்கள் இப்பணம் முழுவதையுமே வாழைமரப் பணம் என்றழைத்தனர். கொணர்பவர் கேட்டவுடன் யப்பானிய அரசாங்கம் பணம் தருவதாக உறுதியளிக்கிறது என்ற வாசகமும் அதில் ஆங்கிலத்தில் இருந்தது. அவ்வுறுதியின் பின்னால் பொன்னுமில்லை, பொருளுமில்லை. ஆயுத பலம் ஒன்றே இருந்தது.

சேகரிப்போர் இத்தாள்களை எழுத்துவரிசை கொண்டும் கடதாசியின் தன்மை கொண்டும் வகைப்படுத்துவர். இவ்வகைப்பாடு வரலாற்று மாணவனுக்கும் பயன் தருவது. தொடக்ககாலத் தாள்கள் தொடரெண் தாங்கியவை. பின்னர் வந்தவற்றில் எண் மறைந்து எழுத்துகள் மட்டும் எஞ்சின. கடதாசியின் தரமும் தாழ்ந்தது. எண் என்பது கணக்கின் அடையாளம். எண்ணைக் கைவிட்ட அரசு கணக்குக் காட்டும் பொறுப்பையும் கைவிட்டது என்றே நாம் கொள்ளவேண்டும். முதலிற் பத்து டொலரே மிகப் பெரிய தாளாக இருந்தது. பின்பு நூறு டொலர்த் தாள் வந்தது. ஆக்கிரமிப்பின் இறுதிக் கட்டத்தில் மாட்டுவண்டி பொறித்த ஆயிரம் டொலர்த் தாளும் வந்து சேர்ந்தது. விலைவாசி ஏறிய கதையை இப்படிகளே கூறிவிடுகின்றன.

விலைவாசி ஏன் ஏறியது? மலாயா தனக்கு வேண்டிய அரிசியிற் பெரும்பகுதியை இறக்குமதி செய்த நாடு. றப்பரையும் ஈயத்தையும் விற்று உணவு வாங்கிய பொருளாதாரம் அதனுடையது. இது பிரித்தானிய ஏகாதிபத்தியம் தன் நலன் கருதி அமைத்த அமைப்பாகும். போர் அச்சந்தைகளைத் துண்டித்ததும் தோட்டங்கள் முடங்கின, அரிசி அருகியது, மரவள்ளிக்கிழங்கே மக்களின் உணவாயிற்று. பண்டம் குறைந்துகொண்டே போக, இராணுவத்தின் செலவுக்காகத் தாள் பெருகிக்கொண்டே வந்தது. 1942இல் மலாயாவினதும் சிங்கப்பூரினதும் சீன மக்களிடம் 5 கோடி டொலர் 'அன்பளிப்பு' வற்புறுத்திக் கேட்கப்பட்டது. லொத்தர்ச் சீட்டுகளும் சேமிப்பு இயக்கங்களும் நடத்தப்பட்டன. எனினும் அச்சியந்திரத்தின் வேகத்தை அவை ஈடுசெய்யவில்லை. ஒரு பேரரசு அமைத்த ஒருமுகப் பொருளாதாரத்தின் மீது மற்றொரு பேரரசின் வெற்றுத்தாள் வந்து விழுந்தது. இரண்டின் சுமையையும் உழைப்பாளியே தாங்கினான்.

தமிழராகிய நமக்கு இவ்வரலாறு அந்நியமானதன்று. வேலையிழந்த றப்பர்த் தோட்டத் தமிழர் பல்லாயிரவர் சயாம்–பர்மா இரயிற்பாதை அமைக்கக் கொண்டுசெல்லப்பட்டனர். கூலியும் உணவும் கிடைக்கும் என்ற வார்த்தையை நம்பிச் சென்றோரும் உளர். வலிந்து பிடித்துச் செல்லப்பட்டோரும் உளர். 415 கிலோமீற்றர் நீளமான அப்பாதை 1943 ஒக்டோபரில் முற்றுப்பெற்றது. வாந்திபேதிக்கும் மலேரியாவுக்கும் பட்டினிக்கும் இரையான ஆசியத் தொழிலாளரின் தொகை, அங்கு மடிந்த மேற்குநாட்டுப் போர்க்கைதிகளின் தொகையைவிடப் பன்மடங்கு அதிகம். கைதிகளுக்குப் பெயர் பொறித்த கல்லறைகள் உள்ளன; தொழிலாளரிற் பெரும்பாலோர்க்கு அவை இல்லை. மீண்டு வந்தவனின் மடியில் இருந்ததும் இந்த வாழைமரத் தாளே.

1945 செப்டெம்பரில் திரும்பிவந்த பிரித்தானிய ஆட்சி இத்தாள்களைச் செல்லாதவை என அறிவித்தது. மூன்றரை ஆண்டுகாலச் சேமிப்பு ஓர் அறிவித்தலோடு குப்பையாயிற்று. பழைய மலாயா டொலரைப் பதுக்கி வைத்திருந்தோர் பிழைத்தனர். ஆக்கிரமிப்புக்காலக் கொடுக்கல் வாங்கல்களைத் தீர்ப்பதற்கென 1948இற் கட்டளைச்சட்டம் ஒன்று இயற்றப்பட்டு, வாழைமரப் பணத்தின் மதிப்பிறக்கத்துக்கு ஓர் அளவுத்திட்டமும் வகுக்கப்பட்டது. கடன் கொடுத்தோர்க்கும் பட்டோர்க்கும் நீதிமன்றம் செல்ல அவ்வாறு வழி பிறந்தது. கூலியாகப் பெற்ற தாளைக் கையில் வைத்திருந்தவனுக்கோ அத்தாளை மாற்றித்தருவார் எவருமிலர்.

இலங்கையில் 1942 ஏப்பிரலிற் கொழும்பின் மீதும் திருகோணமலை மீதும் யப்பானிய விமானங்கள் குண்டு வீசியதுண்டு, ஆக்கிரமிப்பு நிகழவில்லை. 1951இற் சான் பிரான்சிஸ்கோ மாநாட்டில் இலங்கையின் சார்பிற் பேசிய ஜே. ஆர். ஜயவர்த்தன, யப்பானிடம் நட்டஈடு கோரப் போவதில்லை என்று அறிவித்தார். தன் பங்கை விட்டுக்கொடுக்க ஓர் அரசுக்கு உரிமை உண்டு. ஆனால், மலாயாத் தோட்டத் தொழிலாளி தன் கூலியை எவர்க்கும் விட்டுக்கொடுத்தானில்லை. 1967இல் யப்பான் சிங்கப்பூருக்கு 2.5 கோடி டொலரை நன்கொடையாகவும் 2.5 கோடி டொலரைக் கடனாகவும் வழங்க உடன்பட்டது. அது அரசுகளுக்கிடையிலான தீர்வு. ஹொங்கொங் மக்கள் தம்மிடம் எஞ்சிய யப்பானிய இராணுவத் தாள்களுக்கு ஈடு கோரித் தொடுத்த வழக்கை டோக்கியோ நீதிமன்றம் 1999இல் தள்ளுபடி செய்தது.

இந்நிலையிற் சேகரிப்பு என்பது என்னவாக இருத்தல் வேண்டும்? மடிப்பும் அழுக்கும் அற்ற புத்தம்புதிய தாளுக்கே சந்தையில் உயர்ந்த விலை. எவர் கையிலும் படாத தாள் அது. கசங்கிக் கிழிந்து வியர்வை ஊறிய தாளைச் சந்தை ஒதுக்கிவிடும். வரலாற்றை நாடும் நமக்கோ அவ்வொதுக்கப்பட்ட தாளே பெரிதும் வேண்டற்பாலது. அது ஒரு நாள் உழைப்புக்கு மாற்றாகக் கைமாறியது; ஒரு வேளை உணவுக்காகக் கடைக்குச் சென்றது; பின் ஏமாற்றமாய் முடிந்தது.

அக்காலத்தை நேரிற் கண்டோரில் மிகச் சிலரே இன்று எஞ்சியுள்ளனர். மலாயாவில் அரச சேவையிலிருந்து திரும்பிய யாழ்ப்பாணத்தாரின் வீட்டுப் பெட்டிகளிலும், அங்குள்ள தோட்டக் குடும்பங்களிடத்தும் இத்தாள்கள் இன்னும் கிடைக்கக்கூடும். அவற்றைக் காணும் ஆசிரியரும் மாணவரும் விலையை மட்டும் விசாரித்து அமைதல் போதாது. யாருடைய கைக்கு, எவ்வேலைக்கு, எந்த ஆண்டில் வந்த தாள் என்று கேட்டறிந்து அதனோடு எழுதிவைத்தல் வேண்டும். தாளை அச்சிட்டோரின் கணக்கு ஆவணக் காப்பகங்களில் உண்டு. அதைக் கூலியாகப் பெற்றோரின் கணக்கை எழுதவேண்டிய பொறுப்பு நம்முடையது.